விதையும் நிலமும்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட சிற்றூர்களில் வாழை நடும் உழவர் கன்றை மட்டும் பார்ப்பதில்லை. குழியின் மண்ணையும் கையில் அள்ளிப் பார்ப்பார். 1956 நவம்பர் 1-ஆம் நாள் அமைந்த எல்லை இவ்வூர்களைக் கேரளத்திலும், அடுத்த விளவங்கோடு வட்டத்தைச் சென்னை மாநிலத்திலும் வைத்தது. வாழைக்கு அவ்வெல்லை தெரியாது. அங்கிருந்து டில்லிக்குக் கொண்டுவந்து நான் நட்ட நேந்திரன் கன்று, இரண்டு இலை விட்டு, மார்கழிக் குளிரில் கருகிற்று. ஊரில் அதன் உடன்பிறந்த கன்றுகள் குலை தள்ளின.

புற்றுநோயின் வரலாற்றிலும் இவ்வழக்கு உண்டு. மார்பகத்துக் கட்டியை அகற்றிய பின்னும் நோய் ஈரலில் தோன்றுவானேன்? லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பாஜெட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் குறிப்புகளை ஆராய்ந்து 1889-இல் விடை தேடினார். ஈரலில் நோய் பரவியவர் 241 பேர். மண்ணீரலில் 17 பேரே. குருதியோ இரண்டுக்கும் தாராளமாகப் பாய்கிறது. ஆகவே நோயணு விதைபோல் எங்கும் சிதறினும், இசைந்த நிலத்திலேயே முளைக்கும் என்றார் அவர். குருதி செல்லும் வழியே எல்லாம் என்று அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் யூயிங் பின்னர் வாதிட, பாஜெட்டின் கருத்து நெடுங்காலம் உறங்கிற்று. 1980-இல் ஹார்ட், ஃபிட்லர் இருவரும் எலியின் தொடையில் நுரையீரல், சூலகம், சிறுநீரகம் ஆகியவற்றின் துண்டுகளை ஒட்டவைத்துச் சோதித்தனர். குருதியில் விடப்பட்ட கருந்தோல் புற்றணுக்கள் முதலிரண்டில் வளர்ந்தன. சிறுநீரகத் துண்டில் வளரவில்லை.

இதனினும் வியப்பான சோதனை 1975-இல் நிகழ்ந்தது. பியாட்ரிஸ் மின்ட்ஸ் என்ற அம்மையார், இல்மென்சேயுடன் கூடி, எலியின் ஒருவகைக் கருக்கட்டியின் புற்றணுக்களை இளங்கருவுக்குள் செலுத்தினார். பிறந்த குட்டிகள் நலமாய் இருந்தன. அவ்வணுக்கள் தோலாகவும் குருதியாகவும் ஒழுங்காகப் பணிபுரிந்தன! எல்லாப் புற்றணுவும் இவ்வாறு திருந்தும் என்று கொள்ளலாகாது. இது கருவணுவுக்கு நெருங்கிய இனம்.

பலவகை அணுக்களாக ஆகவல்ல குருத்தணுவுக்கும் இடமே ஆசான். எலும்பு மச்சையில் குருதிக் குருத்தணு தங்கும் இடத்திற்கு 1978-இல் ஸ்கோஃபீல்டு இட்ட ஆங்கிலப் பெயரின் பொருள் சுவரிலுள்ள மாடக்குழி என்பதே. மொழிபெயர்ப்பாளனுக்கு இதைவிட எளிதான சொல் வாய்ப்பதில்லை; நம் பாட்டிமார் விளக்கு வைத்த இடமன்றோ! அணு அங்கிருக்கும்வரை குருத்தாகவே நிற்கும். விலகினால் முதிர்ந்து வேறாகும். எங்லரும் துணைவரும் 2006-இல் காட்டியவாறு, மச்சைக் குருத்தணு மென்மையான களிமத்தின்மீது நரம்பணுபோலவும், சற்று இறுகியதில் தசையணுபோலவும், கடினமானதில் எலும்பணுபோலவும் உருக்கொள்கிறது.

1981-இல் திருவனந்தபுரத்தில் வட்டாரப் புற்றுநோய் மையம் அமைந்தது. பாறசாலையிலிருந்து அங்குச் செல்லும் குடும்பங்கள் கேட்கும் கேள்வியும் பாஜெட் கேட்டதே. மார்பகப் புற்று எலும்பில் பரவினால், கட்டிக்கான மருந்தோடு, எலும்பைக் கரைக்கும் அணுக்களை அடக்கும் மருந்தையும் இன்று மருத்துவர் தருகின்றனர். அது விதைக்கு இடும் நஞ்சன்று, நிலத்துக்குச் செய்யும் பண்டுவம்.