வாடகைக் கருவியின் குறைபாட்டுப் பொறுப்பு

கட்டட வேலைக்கு எடுக்கும் கலவை இயந்திரமும் சாரமும், சரக்கு ஏற்ற எடுக்கும் லாரியும், பளு தூக்கும் கிரேனும் வாடகைக்கு வந்தவையாக இருந்து, அவற்றில் மறைந்து கிடந்த குறையொன்றினால் எவருக்கேனும் காயமோ மரணமோ சொத்து நஷ்டமோ நேரும்போது, அக்கருவியைச் செய்யாதவரும் விற்காதவருமான அதன் சொந்தக்காரர் எந்த அளவுக்கு நஷ்டஈடு தரக் கடமைப்பட்டவர் என்பதை நிர்ணயிக்கும் விதிகளின் தொகுதியே வாடகைக் கருவியின் குறைபாட்டுப் பொறுப்பு எனப்படும். இவ்விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடினும், பொருள் யாருடையது என்ற கேள்வியைக் காட்டிலும், அதைத் தேர்ந்தெடுக்கவும் சோதித்துப் பார்க்கவும் பழுதுநீக்கி வைக்கவும் வாய்ப்பு யார் கையில் இருந்தது என்ற கேள்வியே அவற்றில் பிரதானமாக நிற்கிறது.

தோற்றம்

இரவல் கொடுப்பவனுக்கும் வாடகைக்கு விடுபவனுக்கும் உள்ள பேதத்தை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் தனது 150ஆம் பிரிவில் தெளிவாக வகுத்தது. இரவல் கொடுப்பவன் தான் அறிந்த குறையை மறைத்தால் மட்டுமே பொறுப்பாளி. வாடகை பெறுபவனோ அக்குறையை அறிந்திருந்தாலும் அறியாதிருந்தாலும், எடுத்தவனுக்கு விளையும் நஷ்டத்துக்குப் பொறுப்பாளி. இதை விளக்கச் சட்டமே இரண்டு திருஷ்டாந்தங்களைத் தருகிறது: முரட்டுக் குதிரையென்று தெரிந்தும் சொல்லாமல் இரவல் கொடுத்தவன் ஒருவன், தனது வண்டி ஆபத்தானது என்பதைத் தானே அறியாமல் வாடகைக்கு விட்டவன் மற்றொருவன். இருவருமே பொறுப்பாளிகள் என்கிறது சட்டம். இங்கிலாந்தில் 1881இல் தீர்ப்பான ஹைமன் எதிர் நை என்னும் வழக்கில், வாடகைக் குதிரைவண்டியின் இரும்பாணி முறிந்து பயணி காயமுற்றபோது, கவனமும் திறமையும் எவ்வளவு செம்மைப்படுத்தக் கூடுமோ அவ்வளவு செம்மையான வண்டியையே கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறிற்று. ஆயினும், எவராலும் கண்டுபிடிக்க இயலாத குறைக்கு வண்டிக்காரர் உத்தரவாதியல்லர் என்னும் விலக்கையும் அத்தீர்ப்பு விட்டுவைத்தது.

அமெரிக்காவில் வளர்ச்சி

மேற்கண்ட இந்திய விதி ஒப்பந்தத்தின் வழி வந்ததாதலால், வாடகைக்கு எடுத்தவனையே அது காத்தது. அவனிடம் கூலிக்கு வேலை செய்தவனும், வழியில் போனவனும் அதன் நிழலுக்கு வெளியே நின்றனர். இவ்விடைவெளியை நிரப்பும் கொள்கை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உருவாயிற்று. 1963இல் கலிபோர்னியா உச்சநீதிமன்றத்தில் நீதிபதி ரோஜர் டிரெய்னர், குறையுள்ள பொருளைச் சந்தைக்கு அனுப்பிய உற்பத்தியாளர், அஜாக்கிரதை நிரூபிக்கப்படாமற் போனாலும் பொறுப்பாளியே என்று கிரீன்மன் வழக்கில் தீர்த்தார்; மறு ஆண்டே அந்நெறி சில்லறை விற்பனையாளருக்கும் விரிந்தது. 1965இல் நியூ ஜெர்சி உச்சநீதிமன்றம், வாடகை லாரியின் பிரேக் பழுதால் காயமுற்ற தொழிலாளி ஒருவரின் வழக்கில், விற்பனைக்குரிய மறைமுக உத்தரவாதம் வாடகைக்கும் பொருந்தும் என்றது.

இத்துறையின் முக்கியத் தீர்ப்பு 1970இல் கலிபோர்னியாவில் வெளிவந்த பிரைஸ் எதிர் ஷெல் எண்ணெய்க் கம்பெனி என்பது. விமான மெக்கானிக் ஒருவர், தம் முதலாளி ஷெல்லிடமிருந்து வாடகைக்கு எடுத்திருந்த பெட்ரோல் டாங்கி லாரியின் ஏணியில் ஏறியபோது அது பிளந்து விழுந்தார். அவருக்கும் ஷெல்லுக்கும் இடையே ஒப்பந்தம் ஏதும் இல்லாதிருந்தும், வாடகைக்கு விடுவதையே வியாபாரமாக நடத்துவோர் விற்பனையாளரைப் போலவே முழுப் பொறுப்பாளிகள் என்று நீதிமன்றம் விதித்தது. அத்தகையோரால் உற்பத்தியாளரை வற்புறுத்திப் பாதுகாப்பை உயர்த்த இயலும், விபத்தின் செலவை வாடகையில் சேர்த்துப் பலர்மீதும் பரப்பவும் இயலும் என்பதே அதற்கு அடிப்படை. எப்போதோ ஒருமுறை தன் பொருளை வாடகைக்குக் கொடுத்தவரை இவ்விதி தொடாது. 1994இல் புளோரிடா உச்சநீதிமன்றம், ஓட்டல் வளாகத்தில் வாடகைக்கு விடப்பட்ட பாய்மரப் படகு குறித்த வழக்கில் இதே நெறியை ஏற்றது.

நிதிக் குத்தகை

இக்கொள்கைக்குப் பெரிய விலக்கு, பணம் கொடுப்பதே தொழிலாக உள்ள நிறுவனம். இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பதும் பராமரிப்பதும் இயக்குவதும் தொழிற்சாலையாக இருக்க, விலையைச் செலுத்திவிட்டு மாதத் தவணை பெறும் நிறுவனம், காகிதத்தில் சொந்தக்காரராயினும் நடைமுறையில் கடன் கொடுத்தவரே என்று 1981இல் பென்சில்வேனியா உச்சநீதிமன்றம் தீர்த்து, அதனை முழுப் பொறுப்பிலிருந்து நீக்கியது. அமெரிக்க மாநிலங்கள் பின்பற்றும் சீரான வர்த்தகச் சட்டத் தொகுப்பின் 2ஏ பிரிவுப்படி, இத்தகைய குத்தகையில் தொழில் நடத்துபவர் பொருளை ஏற்றுக்கொண்ட பிறகு பழுதைக் காட்டித் தவணையை நிறுத்த முடியாது. அதற்குப் பிரதியாக, விற்றவர் தந்த உத்தரவாதங்களின் பலன் அவருக்கே சேரும்.

இந்தியாவில் இன்றைய நிலை

2020 ஜூலை 20இல் அமலுக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வியாபார முறையில் பொருளைக் குத்தகைக்கு விடுபவரையும் 'பொருள் விற்பனையாளர்' என்ற வரையறைக்குள் கொணர்ந்தது. பொருளின் வடிவமைப்பு, சோதனை, உற்பத்தி முதலியவற்றில் அவர் கணிசமான அதிகாரம் செலுத்தியிருந்தாலோ, அவர் செய்த மாற்றமே தீங்குக்கு முக்கிய காரணமாயினோ, உற்பத்தியாளரின் உறுதிக்கு அப்பாற்பட்ட தனி உத்தரவாதம் தந்து பொருள் அதற்கு ஒவ்வாதிருந்தாலோ, உற்பத்தியாளர் இன்னாரென்று தெரியாதிருந்தாலோ, பொருளைப் பொருத்துவதிலும் சோதிப்பதிலும் பராமரிப்பதிலும் உரிய கவனம் காட்டாது போனாலோ 86ஆம் பிரிவு அவரைப் பொறுப்பாளியாக்குகிறது.

நிதிக் குத்தகைக்கு இச்சட்டமும் விலக்கு அளிக்கிறது: பொருளைச் சோதித்துக் குறையைக் கண்டறிய நியாயமான வாய்ப்பின்றியும், தேர்வு, கைவசம், பராமரிப்பு, இயக்கம் ஆகிய நான்கும் வேறொருவர் அதிகாரத்தில் இருக்கும்படியும் குத்தகைக்கு விட்டவர் இவ்வரையறையில் அடங்கார். பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ, மாற்றியமைக்கப்பட்டிருந்தாலோ விற்பனையாளர்மீது பொருட்பொறுப்பு வழக்குத் தொடர இயலாது என்கிறது 87ஆம் பிரிவு. ஆயினும், இச்சட்டம் பிற சட்டங்களுக்குக் கூடுதலானதேயன்றி அவற்றைக் குறைப்பதன்று என அதன் 100ஆம் பிரிவு கூறுவதால், அறியாமல் விட்ட வண்டிக்கும் பதில் சொல்ல வைத்த 1872ஆம் ஆண்டின் 150ஆம் பிரிவு இன்றும் அமலில் உள்ளது.