மேற்கோள் எண்ணிக்கையும் ஒரு பேராசிரியரின் கதையும்

உங்களில் சிலர் முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறீர்கள், சிலர் கல்லூரியில் பாடம் நடத்துகிறீர்கள். "என் கட்டுரைக்கு இத்தனை சைட்டேஷன் வந்திருக்கிறது சார்" என்று நீங்கள் சொல்லும்போது எனக்கும் மகிழ்ச்சிதான். அந்த எண் எங்கிருந்து வந்தது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது என்பதைப் பற்றி இன்று கொஞ்சம் எழுதுகிறேன். பதிவு நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

இந்தக் கணக்கின் வேர் அறிவியலில் இல்லை, நீதிமன்றத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1873ஆம் ஆண்டு ஃபிராங்க் ஷெப்பர்டு என்பவர் ஒரு பட்டியலைத் தொடங்கினார். ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த தீர்ப்புகளில் எவை எடுத்தாண்டன, அந்தத் தீர்ப்பு இன்னும் செல்லுபடியாகிறதா, ரத்தாகிவிட்டதா என்று வக்கீல்கள் பார்த்துக்கொள்ள அது உதவியது. இந்த முறையை அறிவியலுக்குக் கொண்டுவரலாம் என்று 1955இல் யூஜின் கார்ஃபீல்டு 'சயின்ஸ்' இதழில் எழுதினார். அவருடைய நிறுவனம் 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டது.

கார்ஃபீல்டின் நோக்கத்தைக் கவனியுங்கள். ஒரு கட்டுரையை நம்பி எடுத்தாளும் முன், அதை யாராவது மறுத்திருக்கிறார்களா என்று தேடிப் பார்க்க ஒரு வழி வேண்டும் என்பதே அவர் சொன்ன முக்கியமான காரணம். ஆனால் பட்டியல் என்று ஒன்று வந்துவிட்டால் மனிதர்கள் அதை எண்ணத் தொடங்கிவிடுவார்கள். யாருக்கு அதிக மேற்கோளோ அவரே பெரியவர் என்றாகிவிட்டது. 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் ஹெச்-இண்டெக்ஸ் என்ற அளவைக் கொடுத்தார். கணக்கு எளிது. ஒருவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டு, 21 கட்டுரைகளுக்கு அப்படிச் சொல்ல முடியாவிட்டால், அவருடைய எண் 20.

இனி ஹான்ஸ் ஐசங்க் கதைக்கு வருவோம். 1916இல் பெர்லினில் பிறந்தவர். ஹிட்லர் ஆட்சியில் ஜெர்மனியை விட்டு வெளியேறி, லண்டனில் படித்து, அங்கேயே மனநல மருத்துவ நிறுவனத்தில் பேராசிரியரானார். மனிதர்களின் குணவேறுபாடுகளை அளப்பதில் உலகப் புகழ் பெற்றார். 20ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த உளவியலாளர்களை வரிசைப்படுத்தி 2002இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆய்விதழ்களில் பெற்ற மேற்கோள் எண்ணிக்கையில் ஃபிராய்டு முதலிடம், பியாஜே இரண்டாமிடம், ஐசங்க் மூன்றாமிடம்.

இப்படிப்பட்ட ஒருவர் தம் பிற்காலத்தில், ஹைடல்பெர்க்கில் இருந்த கிராசார்ட்-மாட்டிசெக் என்பவரோடு சேர்ந்து, உடல்நல உளவியலில் கட்டுரைகள் வெளியிட்டார். உணர்ச்சியை அடக்கிக்கொள்ளும் ஒருவகைக் குணம் உள்ளவர்களுக்குப் புற்றுநோய் வரும், வேறொரு குணம் உள்ளவர்களுக்கு இதயநோய் வரும், புகைபிடிப்பதைவிடக் குணமே பெரிய காரணம் என்பது அவற்றின் சாரம். ஒரு சிறு பிரசுரத்தைப் படிக்கக் கொடுத்து, சற்று நேரம் பேசி விளக்கினாலே இறப்பு வெகுவாகக் குறைந்தது என்றும் எழுதினார்கள். 13 ஆண்டுகளில் பிரசுரம் பெற்றவர்களில் இறந்தவர்கள் 32 சதவீதம், பெறாதவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல். எந்த மருந்துக்கும் கிடைக்காத பலன்! ஐசங்க்கின் ஆய்வுகளுக்குப் புகையிலை நிறுவனங்கள் பணம் கொடுத்ததும் பிறகு வெளியே வந்தது.

சந்தேகம் அப்போதே எழுந்தது. 1992இல் ஆண்டனி பெலோசி, லூயிஸ் ஆப்பிள்பி என்ற இரு மனநல மருத்துவர்கள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், இந்த முடிவுகள் நம்பத் தகுந்தவையல்ல, விசாரணை வேண்டும் என்று எழுதினார்கள். ஐசங்க் பதில் எழுதினார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1997இல் அவர் காலமானார். 2019இல்தான் பெலோசி மறுபடியும் உடல்நல உளவியல் ஆய்விதழில் விரிவாக எழுத, அதன் ஆசிரியர் டேவிட் மார்க்ஸும் பகிரங்கக் கடிதம் எழுதினார். லண்டன் கிங்ஸ் கல்லூரி விசாரித்து, இருவரும் சேர்ந்து எழுதிய 26 கட்டுரைகள் பாதுகாப்பானவையல்ல என்று அறிவித்தது. பத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை ஆய்விதழ்கள் திரும்பப் பெற்றன. 1992இல் கேட்ட கேள்விக்கு 27 ஆண்டுகள் கழித்துப் பதில்.

இங்கேதான் மேற்கோள் கணக்கின் குறை தெரிகிறது. பெலோசி 1992இல் ஐசங்க்கை எதிர்த்து எழுதியபோது, ஐசங்க்கின் கட்டுரைகளை மேற்கோள் காட்டித்தானே எழுதியிருக்க முடியும்? அதுவும் ஐசங்க்கின் கணக்கில் வரவாகத்தான் விழும். பாராட்டியவரும் ஒன்று, கண்டித்தவரும் ஒன்று. ஷெப்பர்டின் பட்டியலில், தீர்ப்பு ரத்தானதா என்று ஒரு குறியீடு இருந்தது. எண்ணிக்கை மட்டும் பார்க்கும் நம் பழக்கத்தில் அந்தக் குறியீடு காணாமல் போய்விட்டது.

இதில் நஷ்டம் யாருக்கு என்று யோசியுங்கள். புற்றுநோயோடு படுத்திருப்பவரிடம், "உன் குணத்தால்தான் வந்தது" என்று சொல்வதற்கு ஓர் ஆதாரம் கிடைத்துவிடுகிறது. புகைபிடிப்பவருக்கோ, "சிகரெட் அல்ல காரணம்" என்ற சமாதானம் கிடைக்கிறது. இரண்டுமே உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஐசங்க் எழுதியது எல்லாமே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. குணவேறுபாடுகள் பற்றிய அவருடைய ஆய்வுகளை இன்றும் படிக்கிறார்கள், விவாதிக்கிறார்கள். மேற்கோள் எண்ணிக்கை ஒருவர் எவ்வளவு பேசப்பட்டார் என்பதைச் சொல்லும். அவர் சொன்னது சரியா என்பதைச் சொல்லாது. அதற்குக் கட்டுரையைத் திறந்து படித்தே ஆக வேண்டும், குறுக்குவழி இல்லை.

ஆகவே ஆய்வு செய்யும் பிள்ளைகளே, ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டுமுன் இரண்டு காரியம் செய்யுங்கள். முழுவதும் படியுங்கள். அது திரும்பப் பெறப்பட்டதா, யாராவது மறுத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். கார்ஃபீல்டு பட்டியல் போட்டது அதற்காகத்தான்.

உங்கள் துறையில் இதுபோல நடந்திருந்தால் கீழே எழுதுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன். எல்லோரும் நலமாக இருங்கள்.