ஃப்ரிட்ஜில் இருந்த ரெண்டு டீ பேக்: டீ சக்கையின் வரலாறு

போன மாசம் ஒரு ரிலீஸ் நைட். ராத்திரி ரெண்டு மணிக்குப் பால் எடுக்கலாம்னு ஆபீஸ் பேன்ட்ரி ஃப்ரிட்ஜைத் திறந்தேன். உள்ளே ஒரு சின்னத் தட்டு. அதுல பிழிஞ்சு வெச்ச ரெண்டு டீ பேக். மேலே ஒரு ஸ்டிக்கி நோட்: "தயவுசெஞ்சு தூக்கிப் போடாதீங்க."

காலையில விசாரிச்சா, அது எங்க டீம் டெஸ்டரோடது. கண்ணுக்குக் கீழே வீங்கினா, கண்ணை மூடி பத்து நிமிஷம் மேல வெச்சுப்பாங்களாம். "இன்ஸ்டாவுல பாத்தேன், செலவே இல்ல"ன்னாங்க.

எனக்கு உடனே அப்பத்தா ஞாபகம் வந்துச்சு. டீ வடிகட்டின சக்கையை அப்பத்தா கொட்டவே கொட்டாது. சர்க்கரையோட போட்டா எறும்பு வரும்னு அலசி, ஒரு கொட்டாங்குச்சியில சேத்து வெச்சு ரோஜாச் செடிக்குப் போடும்.

சரி, இந்தப் பழக்கம் எங்கேருந்து வந்துச்சுன்னு தேட ஆரம்பிச்சேன். பாத்தா, ஒரு தடவை டீ போட்ட இலையை வெச்சு ஒரு காலத்துல இங்கிலாந்துல பெரிய கள்ள வியாபாரமே நடந்திருக்கு. அதைத் தடுக்க பார்லிமென்ட் சட்டம் போட்டிருக்கு.

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குப் போவோம். டீ சீனாவிலிருந்து கப்பலில் வர வேண்டும். அதன் மேல் கடுமையான வரி வேறு. அதனால் பணக்கார வீடுகளில் டீத்தூளைப் பூட்டு போட்ட பெட்டியில் வைத்தார்கள். சாவி வீட்டு எஜமானியிடம் இருக்கும். முதல் டிகாஷன் எஜமானர்களுக்கு. அப்புறம் அந்தச் சக்கை சமையலறைக்குப் போகும். அதில் வேலைக்காரர்கள் இன்னொரு தடவை டீ போட்டுக் குடிப்பார்கள். அதுக்கும் பிறகு அதே சக்கை பின்வாசல் வழியா வியாபாரிக்குப் போகும். சமையல்காரருக்கு அது ஒரு சின்ன மேல்வரும்படி.

வியாபாரி அதைக் காய வைத்து, சாயம் ஏற்றி, புது டீயோடு கலந்து விற்பார். 1730-31இல் வந்த சட்டம், ஏற்கெனவே பயன்படுத்திய டீ இலையை மறுபடி டீயாகத் தயாரித்து விற்பதைப் பெயர் சொல்லியே தடை செய்தது. ஒரு பவுண்டு எடைக்கு 10 பவுண்டு பணம் அபராதம். 1777இல் இன்னொரு சட்டம் வந்தது. வியாபாரம் மட்டும் நிற்கவில்லை.

எங்க டீம் லீட் அடிக்கடி ஒண்ணு சொல்வார்: "சிஸ்டத்தை யாராவது ஏமாத்துறாங்கன்னா, ஏமாத்துறதுல என்ன லாபம்னு முதல்ல பாரு." இங்கே லாபம் வரியிலதான் இருந்துச்சு. 1784இல் அரசாங்கம் டீ மேலிருந்த வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாக ஒரேயடியாகக் குறைத்தது. கடத்தல்காரர்கள் பிழைப்பு போனது. ஆனால் சக்கை வியாபாரம் அதுக்கும் தாக்குப்பிடித்தது. 1843இல் லண்டனில் மட்டும் பழைய டீ இலையைக் காய வைத்து மறுபடி தயாரிக்கும் இடங்கள் 8 இருந்ததாக ஒரு கணக்கு உண்டு. இலை சுருண்டு நிற்கக் கோந்து, கறுப்பாகத் தெரிய பென்சிலில் இருக்கும் கிராஃபைட். அதைத்தான் ஜனங்கள் குடித்தார்கள்.

ஏமாந்ததும் பெரும்பாலும் ஏழைகள்தான். மலிவு டீ வாங்கினவர்களுக்குத்தான் இது போய்ச் சேர்ந்தது. ஒரு வீட்டு வேலைக்காரி விற்ற சக்கையை, தெரியாமலே இன்னொரு வீட்டு வேலைக்காரி காசு கொடுத்து வாங்கியிருக்கலாம்.

கடைசியில் 1875ஆம் வருட உணவுச் சட்டம் இதுக்கு ஒரு வரையறை கொடுத்தது. ஊறவைத்தோ கொதிக்கவைத்தோ சத்தும் தரமும் போன இலை, 'தீர்ந்துபோன டீ'. துறைமுகத்திலேயே சுங்க அதிகாரிகள் டீயைச் சோதிக்க ஆரம்பித்தார்கள்.

இதே காலத்தில் வசதியான வீடுகளில் சக்கைக்கு ரொம்ப மரியாதையான ஒரு வேலை இருந்தது. 1861இல் புத்தகமாக வந்த மிஸஸ் பீட்டனின் வீட்டு நிர்வாகக் கையேட்டில் அது இருக்கிறது. ஈரமான டீ இலையைக் கார்பெட் மேல் தூவிவிட்டுப் பெருக்க வேண்டும். ஈர இலை தூசியைப் பிடித்துக்கொள்ளும், தூசி பறக்காது. எஜமானி சொல்லித் தூவினால் சிக்கனம். வேலைக்காரி விற்ற அதே இலை கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் குற்றம்.

இந்த வியாபாரம் செத்ததுக்குச் சட்டம் மட்டும் காரணம் இல்லை. டீ மலிவானது இன்னொரு பெரிய காரணம். அந்த மலிவு எங்கிருந்து வந்தது? 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையில் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். கொஞ்ச வருஷத்தில் காப்பிச் செடிகளை நோய் தின்றது, மலையெல்லாம் தேயிலை ஆனது. அதைப் பறிக்கக் கங்காணிகள் மூலம் கூட்டிப் போனது நம்ம ஜனங்களை. தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து போன குடும்பங்கள். லண்டன்காரர் சக்கையைக் கணக்குப் பார்க்காமல் குப்பையில் போடும் அளவுக்கு டீ விலை இறங்கியதில் அவர்களுடைய குறைந்த கூலிக்குப் பெரிய பங்கு உண்டு. அதே மக்களில் பெரும்பாலோரை 1948ஆம் வருடக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது.

இப்போ டீ பேக்குக்கு வருவோம். நியூயார்க் வியாபாரி தாமஸ் சல்லிவன் 1908இல் சாம்பிள் டீயைச் சின்னப் பட்டுப் பையில் அனுப்பினார், வாங்கினவங்க பையோடவே தண்ணியில போட்டுட்டாங்கன்னு ஒரு கதை கேட்டிருப்பீங்க. ஆனால் அதுக்கு முன்னாடியே, 1901இல், மில்வாக்கி நகரத்தைச் சேர்ந்த ராபர்ட்டா லாசன், மேரி மெக்லாரன் என்ற ரெண்டு பெண்கள் ஒரு கப்புக்கான பருத்தி வலைப் பைக்கு பேட்டன்ட் கேட்டார்கள். 1903இல் கிடைத்தது. அவங்க சொன்ன காரணம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது: பாட் நிறைய டீ போட்டா மிச்சம் வீணாகுது, அதனால செலவு. அதாவது டீ பேக்கே ஒரு சிக்கன ஐடியாதான்.

பிரிட்டன் அதை உடனே ஏத்துக்கலை. 1940 ஜூலையில் டீக்கு ரேஷன் வந்தது. ஒரு ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ், சுமார் 57 கிராம். ஸ்டாக்கிங்ஸும் கிடைக்காத காலம். கிரேவிக்கு நிறம் கொடுக்கும் பொடி, டீ டிகாஷன் என்று கையில் கிடைத்ததைக் காலில் பூசி, பின்னால் பென்சிலால் தையல் கோடு வரைந்துகொண்ட பெண்கள் இருந்தார்கள். 1952 அக்டோபரில் ரேஷன் முடிந்தது. 1953இல் டெட்லி கம்பெனி அங்கே டீ பேக்கைக் கொண்டுவந்தது. அளந்து குடித்த ஊர், மெதுவாக ஒரு தடவை போட்டுத் தூக்கி எறியப் பழகியது.

சரி, நம்ம வீட்டுல என்ன வேலை செய்யும்? கண்ணு மேல வெக்கிறதுல பெரும்பங்கு வேலையை அந்தக் குளிர்ச்சிதான் செய்யுது. கஃபீன் ரத்தக்குழாயைச் சுருக்கும், ஆனா அதை மட்டும் நம்பாதீங்க. கண்ணுல இன்ஃபெக்ஷன் இருந்தா வெக்கவே கூடாது. மருதாணிப் பொடியை டீ டிகாஷன்ல குழைக்கிறது நம்ம அம்மாக்களுக்கே தெரியும். டீயில இருக்கிற டேனின் கறை பிடிக்கிற ஆளு. நல்லாக் காய்ஞ்ச சக்கையை ஷூவுக்குள்ள வெச்சா நாத்தம் குறையும். அதே பேக்ல ரெண்டாவது டீ மட்டும் எதிர்பார்க்காதீங்க. உள்ளே இருக்கிறது பொடி டீ, சாரம் முதல் தடவையே இறங்கிடும். செடிக்குப் போடுறப்போ பையை வெட்டி இலையை மட்டும் போடுங்க. பல பைகள்ல பிளாஸ்டிக் இருக்கு. பிளாஸ்டிக் டீ பேக்குகள் கொதிநீர்ல கோடிக்கணக்கான நுண்துகள்களை விடுதுன்னு 2019இல் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வு ஒண்ணு சொல்லுச்சு.

இந்தக் கதை முழுசையும் அந்த டெஸ்டர்கிட்ட சொன்னேன். கேட்டுட்டு, "அப்போ 1730ல இருந்திருந்தா எனக்கு அபராதமா?"ன்னாங்க.

"கண்ணுல வெச்சா இல்லைங்க. காய வெச்சு பேன்ட்ரி டப்பாவுல திரும்பப் போட்டாத்தான்."

இப்போ அந்தத் தட்டுல நாலு டீ பேக் இருக்கு. ரெண்டு என்னோடது, எங்க பால்கனி ரோஜாவுக்கு. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.