மதிலைத் தாண்டும் குரல்



சிறைச்சாலை என்றதும் உயர்ந்த மதிலும் இரும்புக் கதவும் நம் கண்முன் வருகின்றன. உள்ளே இருப்பவன் வெளியே வராதிருக்கவே அந்த மதில். ஆனால் உள்ளே இருப்பவனுக்கும் தாய் உண்டு, மனைவி உண்டு, பள்ளிக்குப் போகும் பிள்ளை உண்டு. அவர்களோடு அவன் எந்த வழியாகப் பேசினான்? அந்தப் பேச்சுக்கு யார் காசு கொடுத்தார்கள்? இந்த இரண்டு கேள்விகளே இன்றைய உரையின் பொருள்.

தொலைபேசி வருவதற்கு முன் கடிதம்தான் வழி. அதற்கும் அளவு வைத்தார்கள். தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறைக்கு 1964-ஆம் ஆண்டு நெல்சன் மண்டேலா ஆயுள் கைதியாகக் கொண்டு செல்லப்பட்டார். கடைநிலை வகுப்பில் வைக்கப்பட்ட கைதிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம்தான் எழுத அனுமதி. அதுவும் 500 சொற்களுக்குள். வந்த கடிதங்களை அதிகாரிகள் முதலில் படித்து, பிடிக்காத வரிகளை மையால் அழித்தார்கள். கைதிகள் அந்த மையைக் கழுவிவிட்டு அடியில் இருந்ததைப் படித்துவிட்டார்கள். அதைக் கண்டுகொண்ட அதிகாரிகள் பிறகு சவர அலகால் வரிகளையே அறுத்தெடுக்கத் தொடங்கினார்கள். தாளின் இருபுறமும் எழுதப்பட்ட கடிதம் என்றால், மறுபுறத்தில் இருந்த குற்றமற்ற வரிகளும் சேர்ந்தே போயின. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று மனைவி எழுதியிருப்பாள். சரியாகிவிட்டதா இல்லையா என்று சொன்ன வரி சன்னலாகக் கிழிந்து கிடக்கும். அப்படி ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த ஆறு மாதத்தை எப்படிக் கழிப்பது!

கடிதத்தின் கதை அது. தொலைபேசியின் கதையை அறிய நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டும். அந்த நாட்டில் கைதிகளின் தொகை வளர்ந்தது போல் வேறெங்கும் வளரவில்லை. 1970-களின் தொடக்கத்தில் மாநிலச் சிறைகளிலும் மத்திய அரசின் சிறைகளிலும் சுமார் 2 லட்சம் பேர் இருந்தார்கள். 2009-ஆம் ஆண்டில் அது 16 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இத்தனை பேருக்கும் வீடுகள் உண்டு. இத்தனை வீடுகளிலும் ஒரு குரலுக்காகக் காத்திருந்தவர்கள் உண்டு.

அங்கே சிறைகளில் தொலைபேசி 1970-களில் பரவலாக வரத் தொடங்கியது. கைதியிடம் காசு ஏது? ஆகவே அழைப்பைப் பெறுகிறவரே கட்டணம் செலுத்த வேண்டும் என்று ஏற்பாடு. மணி அடிக்கும், எடுத்தால், 'இன்ன சிறையிலிருந்து அழைப்பு, பணம் கொடுக்கச் சம்மதமா?' என்று கேட்கும். சம்மதம் என்றால் பேசலாம். எந்தத் தாய் சம்மதமில்லை என்று சொல்வாள்?

1984-ஆம் ஆண்டு ஒரு மாற்றம் நேர்ந்தது. அமெரிக்கத் தொலைபேசித் துறையை ஏறக்குறைய முழுமையாகக் கையில் வைத்திருந்த ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் சட்டப்படி துண்டாக்கப்பட்டது. பல நிறுவனங்கள் போட்டியிட்டால் விலை குறையும் என்பது பொது விதி. வெளியே குறையத்தான் செய்தது. சிறைக்குள் மட்டும் ஏறியது. என்ன காரணம்? நேயர்கள் இதைச் சற்றுக் கவனமாகக் கேட்க வேண்டும். ஒரு தோட்டத்தில் ஒரே கடைதான் இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடைக்காரர் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மலிவாக விற்பார் என்று பார்த்து அனுமதி கொடுத்தால் ஜனங்களுக்கு நன்மை. 'வியாபாரத்தில் எனக்கு யார் அதிகப் பங்கு தருவீர்கள்?' என்று நிர்வாகம் கேட்டுக் கொடுத்தால் என்ன ஆகும்? அரிசி விலையில் அந்தப் பங்கும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சிறைகளில் நடந்தது இதுவே. சிறை நிர்வாகத்துக்கு அதிகத் தரகு தரும் நிறுவனத்துக்கே ஒப்பந்தம் கிடைத்தது. சில ஒப்பந்தங்களில் வருமானத்தில் பாதிக்கு மேல் தரகாகவே போயிற்று. வேறு மாநிலத்துக்குப் பேசும் 15 நிமிடப் பேச்சுக்கு 17 அமெரிக்க வெள்ளி வரை வாங்கிய இடங்களும் இருந்தன.

இந்த அநியாயத்தை எதிர்த்து எழுந்தவர் பெரிய அரசியல்வாதி அல்லர். வாஷிங்டன் நகரில் வாழ்ந்த மார்த்தா ரைட் என்னும் பாட்டி. தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய பேரன் குற்றம் செய்து நீண்ட தண்டனை பெற்றிருந்தார். வாஷிங்டன் நகரின் கைதிகள் அதுவரை பக்கத்திலுள்ள லோர்ட்டன் சிறையில்தான் இருந்து வந்தார்கள். அந்தச் சிறையை மூடிவிட 1997-இல் சட்டம் வந்தது. கைதிகள் அரிசோனா முதலிய தொலைதூர மாநிலங்களுக்கெல்லாம் அனுப்பப்பட்டார்கள். வயதான பாட்டியால் அத்தனை தூரம் பயணம் செய்ய முடியாது. கண் பார்வையும் இல்லை. ஆகவே கடிதமும் பயன்படாது. மிஞ்சியது தொலைபேசி ஒன்றுதான். மருந்து வாங்குவதா, பேரனோடு பேசுவதா என்று கணக்குப் பார்க்கும் நிலை.

2000-ஆம் ஆண்டில் அவரும் வேறு சில குடும்பத்தாரும் வழக்குத் தொடுத்தார்கள். நீதிமன்றம், இது எங்கள் வேலையன்று, கட்டணத்தைக் கவனிக்கும் அரசாங்க ஆணையத்திடம் போங்கள் என்றது. 2003-இல் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையத்திடம் மனுக் கொடுத்தார்கள். மனு பத்து ஆண்டு கிடந்தது. 2013 ஆகஸ்டில்தான் ஆணையம் முதல் உத்தரவைப் போட்டது. வெளி மாநிலப் பேச்சுக்கு, முன்பணம் கட்டியிருந்தால் நிமிடத்துக்கு 21 காசு, பெறுகிறவர் செலுத்தினால் 25 காசு. அதற்கு மேல் வாங்கக்கூடாது. பிள்ளைகள் பெருக்கிப் பார்க்கட்டும்: 15 நிமிடத்துக்கு 3 வெள்ளி 15 காசு. பதினேழு எங்கே, மூன்று எங்கே! மாநிலத்துக்குள்ளேயே பேசும் பேச்சுக்கும் வரம்பு கட்ட ஆணையம் 2015-இல் முயன்றது. அதற்கு உனக்கு அதிகாரம் இல்லை என்று 2017-இல் நீதிமன்றம் தடுத்துவிட்டது. அதைக் காண மார்த்தா ரைட் இல்லை. 2015-ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார்.

'குற்றம் செய்தவனுக்கு இவ்வளவு பரிவு எதற்கு?' என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பணத்தைக் கட்டியவர் குற்றவாளி அல்லரே! நீதிபதி பேரனுக்குத்தான் தண்டனை விதித்தார், பாட்டிக்கு அன்று. இன்னொன்றும் உண்டு. மின்னசோட்டா மாநிலத்துச் சிறைத்துறை, 2003 முதல் 2007 வரை விடுதலையான 16,000-க்கும் மேற்பட்டவர்களைப் பற்றி ஆராய்ந்து 2011-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சிறையில் இருக்கும்போது உறவினரோ நண்பரோ வந்து பார்த்துப் போனவர்கள் மீண்டும் பெருங்குற்றத்துக்காகத் தண்டிக்கப்படுவது 13 விழுக்காடு குறைவு என்று அது கண்டது. அது நேரில் வந்து பார்த்ததைப் பற்றிய ஆராய்ச்சி, தொலைபேசியைப் பற்றியதன்று. ஆயினும் வீட்டாரோடு உறவு அறாதவன் வீட்டுக்கே திரும்புகிறான் என்று நான் எண்ணுகிறேன்.

இனி மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சிறைத் தொலைபேசியில் பேசுவதை அதிகாரிகள் கேட்கலாம், பதிவு செய்யலாம். கைத்தொலைபேசி வந்த பிறகு அந்தக் காவலே பொருளற்றுப் போயிற்று. சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு கருவியைக் கைதி மறைத்து வைத்திருந்தால், யாரோடு என்ன பேசுகிறான் என்று யாருக்குத் தெரியும்? பிரேசில் நாட்டின் சாவ் பாவ்லோ மாநிலத்தில் 2001 பிப்ரவரி 18-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, 29 சிறைகளில் ஒரே வேளையில் கலகம் வெடித்தது. குடும்பத்தார் பார்க்க வந்திருந்த நாள் அது. ஒரு குற்றக் கும்பலின் தலைவர்கள் உள்ளிருந்தே கைத்தொலைபேசி மூலம் அதை நடத்தினார்கள். 2006 மே மாதத்தில் அதே கும்பல் சிறைக்குள்ளிருந்தே ஏவ, போலீஸ் நிலையங்கள் தாக்கப்பட்டன, பேருந்துகள் கொளுத்தப்பட்டன. அதையடுத்து நடந்தவற்றில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சாதாரணப் பொதுமக்கள்.

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் லீ என்னும் சிறை உண்டு. அங்கே கள்ளப் பொருள்களைப் பிடிக்கும் பொறுப்பில் இருந்த அதிகாரி ஒருவர் 2010 மார்ச்சில் தம் வீட்டிலேயே ஆறு முறை சுடப்பட்டார். உள்ளே மறைத்து வைத்திருந்த கைத்தொலைபேசியிலிருந்துதான் அதற்குக் கட்டளை போயிற்று. அவர் உயிர் பிழைத்தது அதிசயம். அதே ஆண்டு, மத்தியச் சிறைகளில் கைத்தொலைபேசி வைத்திருப்பதைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது. ஆயினும் 2018 ஏப்ரலில் அதே லீ சிறையில் கைதிகளுக்குள் நடந்த சண்டையில் ஏழு கைதிகள் இறந்தார்கள். அதற்கும் கள்ளக் கைத்தொலைபேசிகள் ஒரு காரணம் என்று அதிகாரிகள் சொன்னார்கள்.

எப்படித்தான் உள்ளே போகின்றன? வேலிக்கு மேல் எறிகிறார்கள். ஆளில்லாச் சிறு விமானத்தில் தொங்கவிடுகிறார்கள். காவலருக்குக் கைக்கூலி கொடுக்கிறார்கள். இங்கிலாந்தில் டார்செட் வட்டாரத்துச் சிறை ஒன்றின் வளாகத்தில் செத்த எலிகள் மூன்று கிடந்ததை 2019-இல் சொன்னார்கள். வயிற்றைக் கிழித்துத் தைத்திருந்தது. உள்ளே ஐந்து கைத்தொலைபேசிகள்! கள்ளத்தனத்துக்கு வேண்டிய மூளையைக் கடவுள் யாருக்கும் குறைத்து வைக்கவில்லை போலும். ஆனால் அப்படி வரும் எல்லாத் தொலைபேசியும் கொலை செய்யச் சொல்வதற்கே என்று எண்ணிவிடலாகாது. நியாய விலைக்குப் பேச வழியில்லாதபோது மனைவி மக்களோடு பேசுவதற்காகவும் வாங்குகிறார்கள். அதனால்தான் இங்கிலாந்து அரசு 2018-இல் வேறு வழியை விரிவாக்க முடிவு செய்தது. கைதியின் அறைக்குள்ளேயே தொலைபேசி வைப்பது. அனுமதி பெற்ற எண்களுக்கு மட்டும் பேசலாம். பேச்சைப் பதிவு செய்யலாம். இரவில் பிள்ளை தூங்கப் போகுமுன் தந்தை பேசலாம். தாழ்வாரத்தில் வரிசையில் நின்று சண்டை போட வேண்டியதில்லை. இது நல்ல ஏற்பாடு என்பதே என் கருத்து.

இணையத்துக்கு வருவோம். பெரும்பாலான நாடுகளில் கைதிக்கு இணையம் இல்லை. அமெரிக்க மத்தியச் சிறைகளில் மின்னஞ்சல் உண்டு. அதற்கும் இணையத்துக்கும் தொடர்பு கிடையாது. படம் அனுப்ப முடியாது, எழுத்து மட்டுமே. மாநிலச் சிறைகள் பலவற்றில் தனியார் நிறுவனங்கள் பலகைக் கணினியை இலவசமாகக் கொடுக்கின்றன. கருவி இலவசம், பயன்படுத்தக் கட்டணம். மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் 2019-இல் வெளிவந்த செய்தி என்னைப் போன்ற ஆசிரியர் எவருக்கும் வயிற்றெரிச்சல் தரும். உலகில் யாரும் காசின்றிப் படிக்கத்தக்க பழைய நூல்களைப் படிக்கவும் அங்கே நிமிடக் கணக்கில், 5 காசு வரை, கட்டணம் வைத்திருந்தார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகளை நாள்தோறும் வகுப்பில் பார்க்கிறவன் நான். வேகமாகப் படிப்பவன் ஒரு பக்கத்தை ஒரு நிமிடத்தில் முடிப்பான்; தட்டுத் தடுமாறுகிறவனுக்குப் பத்து நிமிடம் ஆகும். அப்படியானால் கல்வி யாருக்கு மிகவும் தேவையோ அவனிடமே பத்து மடங்கு வாங்குகிறார்கள்.

ஐரோப்பாவில் லித்துவேனியா நாட்டுக் கைதி ஒருவர் மேற்படிப்புப் படிக்க விரும்பிக் கல்வி அமைச்சுக்குக் கடிதம் எழுதினார். விவரமெல்லாம் எங்கள் இணையப் பக்கத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று அமைச்சு பதில் போட்டது. சிறையோ இணையத்தைத் திறக்க மறுத்தது. ஓர் அரசாங்கத்தின் ஒரு கை வழி காட்டுகிறது, மறு கை கதவைச் சாத்துகிறது! அவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். கைதி எவருக்கும் இணையம் தந்தே தீர வேண்டும் என்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை. ஆனால் கல்வி பற்றிய அந்த ஒரு பக்கத்தைக் கூடப் பார்க்க விடாதது தவறு என்று 2017 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

அமெரிக்காவில் மார்த்தா ரைட் தொடங்கிய வேலை அவருக்குப் பின்னும் நடந்தது. கனெக்டிகட் மாநிலம் 2021-இல் சட்டம் இயற்றிச் சிறைப் பேச்சை இலவசமாக்கியது. கலிபோர்னியா 2023 தொடக்கத்திலிருந்து அவ்வாறே செய்தது. 2023 ஜனவரி 5-ஆம் நாள் அதிபர் கையொப்பமிட்ட மத்தியச் சட்டத்துக்கு மார்த்தா ரைட்டின் பெயரையே வைத்தார்கள். மாநிலத்துக்குள் பேசும் பேச்சுக்கும் படப்பேச்சுக்கும் வரம்பு கட்ட ஆணையத்துக்கு அது அதிகாரம் கொடுத்தது. அந்த அதிகாரத்தைக் கொண்டு 2024 ஜூலையில் ஆணையம், பெரிய சிறைகளில் நிமிடத்துக்கு 6 காசுதான், சிறை நிர்வாகத்துக்குத் தரகு கூடாது என்று உத்தரவிட்டது. பதினைந்து நிமிடத்துக்கு 90 காசு. 17 வெள்ளியில் தொடங்கிய கணக்கு அது. ஆனால் 2025-ஆம் ஆண்டின் நடுவில் அதே ஆணையம் அந்த உத்தரவின் பெரும்பகுதியைத் தள்ளி வைத்தது. அக்டோபரில் வரம்பையும் உயர்த்தியது. பாட்டியின் பெயர் தாங்கிய சட்டம் 'நேர்மையான, நியாயமான கட்டணம்' என்றுதான் சொல்கிறது. அது எத்தனை காசு என்று எழுதி வைக்கவில்லை.