மார்கழிச் சுண்ணாம்பும் கொண்டையராஜு காலண்டரும்

 பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

பொங்கல் நெருங்கும்போது உங்களில் பலர் எனக்கு வீட்டுப் படம் அனுப்புகிறீர்கள். சென்னையில் ஒருவர் ஹாலில் ஒரு சுவரை மட்டும் கருநீலமாக்கியிருக்கிறார். துபாயில் ஒரு பிள்ளை திரைச்சீலை, மெத்தை உறை எல்லாவற்றையும் மாதத்துக்கு ஒரு நிறமாக மாற்றுகிறாள். "சார், இப்ப இதுதான் டிரெண்ட்" என்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. வரலாறு நடத்தியவன் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்ல ஆசை. காலம் பார்த்துச் சுவரைப் புதுப்பிப்பது வெளியிலிருந்து வந்த பழக்கம் அல்ல. நம் கரிசல் ஊர்களில் ஆண்டுதோறும் அது இரண்டு வேலையாக நடந்தது: முதலில் சுண்ணாம்பு, பிறகு காலண்டர். அந்தக் காலண்டர்ப் படங்களால் தமிழ்நாட்டுச் சுவர்களையே நிறைத்த மனிதர் வாழ்ந்த ஊர் நம் கோவில்பட்டி. இது இன்று பள்ளிப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் சுண்ணாம்பு.

வெள்ளையடிப்பு ஏன் மார்கழிக் கடைசியில் வந்தது? போகிக்காக என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். கரிசல் காட்டுக் கணக்கையும் கொஞ்சம் பாருங்கள். நமக்கு ஆறு கிடையாது, வாய்க்கால் கிடையாது. புரட்டாசியில் விதைப்பு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. அந்த இரண்டு மாதமும் மண்சுவர் நீர் குடித்து ஊறிக் கிடக்கும். முற்றத்து மழை தெறித்து, சுவரின் அடிப்பாகம் முழுக்கக் கரிசல் சேறு அப்பியிருக்கும். மார்கழியில் மழை ஓய்ந்து வெயில் ஏறினால்தான் சுவர் காயும். அடுத்துத் தை பிறந்தால் கம்பும் சோளமும் உளுந்தும் பாசியும் வீட்டுக்குள் வர ஆரம்பிக்கும். தானியம் வருவதற்குள் குலுக்கை துப்புரவாக இருக்கவேண்டும், சுவர் இடுக்கில் பூச்சி இருக்கக் கூடாது. கையில் பெரிய காசு புழங்காத நேரமும் அதுதான். விளைச்சல் இன்னும் காட்டில்தானே நிற்கிறது? மழைக்குப் பிறகு, அறுப்புக்கு முன், காசில்லாத நேரத்தில் ஒரு வீட்டைப் புதுசாக்க வேண்டும் என்றால் சுண்ணாம்பை விட்டால் வேறு என்ன இருந்தது?

சுண்ணாம்பு நீற்றியதை உங்களில் நாற்பது வயது தாண்டியவர்கள் பார்த்திருப்பீர்கள். உடைந்த தொட்டியிலோ பெரிய மண்பானையிலோ சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் விட்டால், அடுப்பே இல்லாமல் கொதிக்கும். "தள்ளி நில்லு, கண்ணு போயிரும்" என்று எங்கள் அம்மா அதட்டுவார்கள். ஆறியபின் பழைய சாக்கில் வடிகட்டி, கஞ்சியோ வச்சிரமோ கலந்து, துணிக்குப் போடும் நீலம் கொஞ்சம் கரைத்து, நுனி நைத்த மட்டையால் அடிப்பார்கள். அடித்தவுடன் சுவர் அழுது வடியும். காயக் காயத்தான் வெளுக்கும்.

இதில் அறிவியலும் இருக்கிறது. சுட்ட சுண்ணாம்புக்கல் தண்ணீரைக் குடித்து நீறுகிறது. சுவரில் ஏறியதும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகவே மாறுகிறது. அதாவது ஆண்டுதோறும் நம் அம்மாமார்கள் சுவர்மீது மெல்லிய கல் ஏடு ஒன்றைப் போர்த்தினார்கள். அதன் காரம் கிருமியை அழிக்கும். அதன் வெண்மை சித்திரை வெயிலைத் திருப்பி அனுப்பும். சுவரின் ஈரம் வெளியேறவும் அது வழிவிடும்.

நிறத்தைத் தீர்மானித்ததும் சுண்ணாம்புதான். அதன் காரத்தைத் தாங்காத சாயம் வெளிறிப்போகும். தாங்குபவை சிலதான்: காவி, மஞ்சள் காவி, கரி, துணிக்குப் போடும் அந்த நீலம். நீலத்துக்குத் தனிக் கதை உண்டு. ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தான் மலையில் கிடைத்த ஒரு கல்லை அரைத்துத்தான் அந்த நீலத்தை எடுத்தார்கள். ஐரோப்பிய ஓவியர்களுக்கு அது தங்கத்தைப் போல அருமையான பொருள். 1820களில் பிரான்சில் அதைச் செயற்கையாகச் செய்யக் கண்டுபிடித்தார்கள். விலை விழுந்தது. அரசர்களின் நீலம் நம் ஊர் மளிகைக் கடைக்கு வந்து, வேட்டிக்கும் சுவருக்கும் போய்ச் சேர்ந்தது. உலக வரலாறு நம் வீட்டுத் திண்ணை வரை வரும் என்று வகுப்பில் சொல்வேனே, இதுதான் அது.

சுவரின் அடியில் காவிப் பட்டை அடித்தார்களே, அது அழகுக்கு மட்டுமா? தெறிக்கும் சேறு வெள்ளையில் தெரிவதுபோல் காவியில் தெரியாது. செண்பகவல்லி அம்மன் கோவில் மதிலின் வெள்ளையும் காவியும் நம் வீட்டிலும் இருந்தன. பிறகு வாசலில் செம்மண், கூரை இறவாணத்தில் சிறுபீளைப் பூ, மாவிலை. கூரையில் செருகுவதாலேயே அதற்குக் கூரைப்பூ என்று பெயர். காட்டிலும் ஓடை ஓரத்திலும் சும்மா கிடைத்த பொருளை வைத்து வீட்டுக்குப் பருவம் கொண்டுவந்தார்கள்.

சரி, வெள்ளையடித்தாயிற்று. பழைய ஆணி மட்டும் சுவரில் நிற்கிறது. அதில் என்ன மாட்டுவது?

நூற்றைம்பது ஆண்டுக்கு முன் இந்தக் கேள்வியே சாதாரண வீட்டில் கிடையாது. தஞ்சாவூர்ப் படமும் கண்ணாடிப் படமும் வசதி உள்ளவர் வீட்டுப் பொருள்கள். வண்ணப் படத்தைக் கல்லச்சில் ஆயிரக்கணக்காக அச்சிட முடிந்த பிறகுதான் நிலைமை மாறியது. ஜெர்மனியில் அச்சான படங்கள் இங்கே விற்பனைக்கு வந்தன. திருவிதாங்கூர் ஓவியர் ராஜா ரவி வர்மா 1894ல் பம்பாயில் சொந்த அச்சகமே தொடங்கினார். அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் நாடு முழுக்கப் போனார்கள். பிறகு 1920களில் தீப்பெட்டித் தொழில் நம் பகுதியில் காலூன்றியது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சு வேண்டும். நீங்கள் டவுசர்ப் பையில் கட்டுக்கட்டாக வைத்து விளையாடினீர்களே தீப்பெட்டிப் படம், அதை அச்சடித்த சிவகாசிதான் பின்னால் காலண்டரையும் அச்சடித்தது. அச்சகம் தயார், கடைக்காரர்கள் தயார். வரைய ஆள் வேண்டும்.

அந்த ஆள் நாடக வண்டியில் வந்து சேர்ந்தார்.

சி. கொண்டையராஜு. 1898ல் பிறந்தவர். சென்னை அரசு ஓவியப் பள்ளியில் படித்தவர். திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் சில காலம் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனியில் சீன் எழுதும் ஓவியரானார். அரண்மனை, நந்தவனம், காடு, கடைவீதி என்று திரைச்சீலைகளில் வரைந்து ஊர் ஊராகப் போனார். 1940களின் தொடக்கத்தில் அந்தக் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. நடிகர்கள் அவரவர் ஊருக்குப் போனார்கள். இவர் இங்கேயே தங்கிவிட்டார். தேவி ஆர்ட் ஸ்டுடியோ பிறந்தது. 1976ல் மறையும்வரை இதுவே அவர் ஊர்.

அவர் படங்களை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். முருகனோ மீனாட்சியோ நடுவில் நேராக நம்மைப் பார்த்து நிற்பார்கள். பின்னால் வளைவுத் தூண், மண்டபம், தாமரைக் குளம், தூரத்தில் மலை. அது நாடக மேடையின் சீன் அல்லாமல் வேறென்ன? கம்பெனி கலைந்தாலும் திரைச்சீலை கலையவில்லை, அளவில் சிறுத்துக் காலண்டருக்குள் போய்விட்டது. இளஞ்சிவப்பு, கிளிப்பச்சை, மயில் நீலம், மஞ்சள் எல்லாம் வெள்ளைச் சுவரில் தள்ளி நின்று பார்த்தாலும் எடுப்பாகத் தெரியும். சிம்னி விளக்கு வெளிச்சத்திலும் சாமி முகம் துலங்கும். சுண்ணாம்பு அனுமதிக்காத நிறங்களையெல்லாம் காலண்டர் கொண்டுவந்தது.

ஆசிரியனாக எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. பல படங்களின் மூலையில் அவர் பெயரோடு சீடர் பெயரும் சேர்ந்து இருக்கும். டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், எம். ராமலிங்கம் என்று அவரிடம் பயின்றவர்கள் பின்னர் தாங்களும் பெயர்பெற்ற காலண்டர் ஓவியர்கள் ஆனார்கள். மாணவன் கை பட்ட படத்தில் மாணவன் பெயரையும் போடவேண்டும் என்று நினைத்த வாத்தியார் அவர். இது எல்லா வாத்தியாருக்கும் வராது.

இந்தப் படங்கள் வெறும் அலங்காரம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். இதே தென்மாவட்டங்களில் கோவில் நுழைவு கேட்டதற்காக வழக்கு நடந்திருக்கிறது, ரத்தம் சிந்தியிருக்கிறது. கமுதிக் கோவில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1908ல் வந்த தீர்ப்பு நுழையக் கூடாது என்பதுதான். 1899ல் சிவகாசியே கலவரத்தில் எரிந்தது. மதுரை மீனாட்சி கோவிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்தது 1939 ஜூலை 8ல்தான். கருவறையை எட்டிப் பார்க்க முடியாத எத்தனையோ குடும்பங்கள் இருந்த காலத்துக்குப் பின்னால், அதே சிவகாசியிலிருந்து மீனாட்சி காலண்டராகக் கிளம்பி வீடு வீடாக வந்தாள். ஜவுளிக்கடைக்காரர் சும்மா கொடுத்த தாளுக்கு ஒரு தாய் மஞ்சள் குங்குமம் வைத்தாள். அவளைத் தள்ளி நில் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. சிவகாசி எல்லோருக்கும் அச்சடித்தது. வேளாங்கண்ணி மாதாவும் நாகூர் தர்காவும் காந்தியும் நேருவும் அதே அச்சகங்களிலிருந்து வந்தவர்கள்தான்.

டிரெண்ட் என்றீர்களே, அதற்கும் நம்மிடம் நாள் குறித்திருக்கிறது. சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு வெளியிடுவார்கள். கடைக்காரர்கள் புரட்டிப் பார்த்து, எந்தச் சாமி, என்ன அளவு, எத்தனை பிரதி என்று ஆர்டர் கொடுப்பார்கள். பான்டோன் என்ற அமெரிக்க நிறுவனம் 2000ஆம் ஆண்டுக்கு ஒரு நீலத்தை அறிவித்ததிலிருந்து "ஆண்டின் நிறம்" உலகச் செய்தியாகிறது. நம் ஆடிப்பெருக்கு ஆல்பமும் அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது.

பிறகு காலம் மாறியது. சிமெண்டுச் சுவர் வந்தது. சிமெண்டு பெயிண்ட், டிஸ்டம்பர், எமல்ஷன் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை அடித்தால் போதும் என்றானது. அது வசதிதான். அம்மாமார்களின் கை வெந்தது நின்றது. அதற்காக நான் வருத்தப்படமாட்டேன். புதுச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று காலண்டர் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போனது, பிறகு போனுக்குள் போய்விட்டது.

வருத்தம் வேறு இடத்தில். காலண்டர் ஓராண்டுக்காகச் செய்த பொருள். லட்சக்கணக்கில் அச்சானது என்பதாலேயே யாரும் அதைப் பத்திரப்படுத்தவில்லை. நல்ல படத்தைச் சிலர் வெட்டிக் கண்ணாடி போட்டார்கள். மீதி நோட்டுக்கு அட்டையானது, அலமாரித் தட்டில் விரிப்பானது, போகியில் எரிந்தது. நம் ஊரில் வரைந்து நாடே பார்த்த படங்களை இன்று நம் ஊரிலேயே தேடவேண்டியிருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் புத்தகங்களோடு நோட்டீஸ், அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்தார். அதனால்தான் சென்னையில் அவர் பெயரில் ஓர் ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. குப்பை என்று நினைப்பது பிறகு வரலாறாகும். வகுப்பில் இதைச் சொன்னபோது கடைசி பெஞ்ச் சிரித்தது நினைவிருக்கிறது.

எனவே வாத்தியார் கொடுக்கும் வீட்டுப்பாடம் இது.

இந்தப் போகிக்குப் பரணை ஒழிக்கும்போது பழைய காலண்டரையும் கண்ணாடி போட்ட சாமி படத்தையும் தீயில் போடாதீர்கள். படத்தின் மூலையைப் பாருங்கள், ஓவியர் பெயர் இருக்கலாம். கீழே கடையின் பெயரும் ஊரும் இருக்கும். வெட்டாமல், துடைக்காமல் முழுதாகப் போட்டோ எடுங்கள். எந்த ஊரில், எந்த வீட்டுச் சுவரில், யார் மாட்டியது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்கள் சுவரைச் சுரண்டும் முன் ஒரு ஓரத்தைப் பாருங்கள். வெள்ளை, நீலம், பச்சை, மஞ்சள் என்று ஏடு ஏடாக வரும். ஒவ்வொன்றும் ஒரு தைப்பொங்கல். அதையும் ஒரு படம் எடுத்துவிட்டுப் பிறகு சுரண்டுங்கள். சுண்ணாம்பு ஏட்டின்மேல் நேராக எமல்ஷன் அடித்தால் உரிந்து வரும் என்பதால் சுரண்டத்தான் வேண்டும்.

ஹாலுக்கு என்ன கலர் என்று கேட்பவர்களுக்கு என் யோசனை எளியது. மழைக்காலம் முடிந்து சுவர் நன்றாகக் காய்ந்தபின் அடியுங்கள். பெரும்பாலும் வெள்ளையாக விட்டுவிட்டு, ஒரே சுவரில் உங்கள் தாத்தா வீட்டு நீலத்தையோ காவியையோ கொண்டுவாருங்கள். அதில் ஒரு பழைய காலண்டர்ப் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டுங்கள். பருவத்துக்கு ஒரு கொத்துக் கூரைப்பூவோ ஆவாரம்பூவோ வையுங்கள். செலவு அதிகமில்லை. வருகிறவர்கள் "இது யார் வரைந்தது?" என்று கேட்பார்கள். எங்கள் கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் என்று நீங்கள் சொல்லவேண்டும்.

உங்கள் வீட்டில் கிடைக்கும் படங்களைக் கீழே கமெண்டில் போடுங்கள். ஆண்டு தெரிந்தால் ஆண்டு, கடை பெயர் தெரிந்தால் கடை பெயர். நான் ஒரு நோட்டில் வரிசையாகக் குறித்துவருகிறேன், இதுவரை பதினேழு படங்கள் சேர்ந்திருக்கின்றன.

அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.