எம்டனின் கப்டன்

அடங்காப் பேர்வழியையும் சூழ்ச்சிக்காரனையும் "அவன் பெரிய எம்டன்" என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே இன்னும் அற்றுப்போகவில்லை. அது ஒரு ஜேர்மன் யுத்தக்கப்பலின் பெயர் என்பதை அறிந்தவர் பலர். அதனை நடத்திய மனிதரை அறிந்தவர் சிலரே.

கார்ல் ஃபொன் முல்லர் 1873 இல் ஹனோவர் நகரில் பிரஷ்ய இராணுவ அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1891 இல் கடற்படையில் சேர்ந்தார். ஜேர்மன் கிழக்கு ஆபிரிக்காவில் பணியாற்றியபோது பீடித்த மலேரியா ஆயுள் முழுவதும் அவரை விட்டகலவில்லை. 1913 இல் எம்டன் அவரது பொறுப்பில் வந்தது.

1914 ஆகஸ்டில் முதலாம் உலக மகாயுத்தம் மூண்டபோது, கிழக்காசியாவிலிருந்த ஜேர்மன் கப்பலணி பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து செல்ல ஆயத்தமாயிற்று. ஒரு கப்பலையேனும் இந்து சமுத்திரத்துக்கு அனுப்பவேண்டும் என்று வாதிட்டவர் முல்லர். அணித்தலைவர் ஃபொன் ஸ்பே இணங்கினார். மூன்று புகைபோக்கிகள் கொண்ட எம்டனுக்கு நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கி பொருத்தப்பட்டது. தூரத்தே நின்று நோக்குவோருக்கு அது பிரித்தானியக் கப்பலாகவே தோன்றியது.

இரண்டு மாதங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் முல்லரிடம் சிக்கின. அவற்றுட் பெரும்பாலானவற்றை அவர் மூழ்கடித்தார். ஆயினும் மாலுமிகளை இறக்கிய பின்னரே அதனைச் செய்தார். பிடிபட்டோரைக் கபிங்கா போன்ற கப்பல்களில் ஏற்றிப் பத்திரமாக அனுப்பிவைத்தார்.

செப்ரெம்பர் 22 ஆம் திகதி இரவு எம்டன் சென்னையைத் தாக்கியது. பர்மா ஒயில் கம்பனியின் எண்ணெய்த் தாங்கிகள் தீப்பற்றி எரிந்தன. குறைந்தது ஐவர் உயிரிழந்தனர். சில நாட்களில் இலங்கைக்கு மேற்கேயும் கப்பல்கள் மூழ்கின. எம்டன் இலங்கைக் கரையைத் தொடவேயில்லை, வதந்தியோ கரையேறிவிட்டது. போவர் யுத்தக் கைதியாக இங்கு கொண்டுவரப்பட்டு, யால வனத்தின் முதலாவது காவலராகப் பணிபுரிந்த எங்கல்பிரெக்ட், எம்டனுக்கு மாட்டிறைச்சி வழங்கினார் என்ற பழிக்கு ஆளாகிச் சிறையிலிடப்பட்டார். யுத்தகாலச் சந்தேகத்துக்குச் சான்று தேவைப்படுவதில்லை என்பதை இந்நாட்டவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஒக்டோபர் 28 ஆம் திகதி பினாங்குத் துறைமுகத்தில் ரஷ்யாவின் செம்சுக் கப்பலையும், வெளியே பிரான்சின் மூஸ்கே கப்பலையும் எம்டன் மூழ்கடித்தது. நீரில் தத்தளித்த பிரெஞ்சு மாலுமிகளைத் தூக்கியெடுத்துச் சிகிச்சையளித்த முல்லர், பின்னர் ஒரு பிரித்தானியக் கப்பலை மறித்து அதில் அவர்களை அனுப்பினார்.

நவம்பர் 9 ஆம் திகதி கொக்கோஸ் தீவில் தந்தி நிலையத்தைத் தகர்க்கச் சென்றவேளை, அவுஸ்திரேலியாவின் சிட்னி வந்து சேர்ந்தது. அதன் பெரிய பீரங்கிகளுக்கு எம்டன் ஈடுகொடுக்கவில்லை. எஞ்சிய உயிர்களைக் காக்க முல்லர் கப்பலைப் பவளப்பாறையில் மோதி நிறுத்தினார். மாண்ட ஜேர்மானியர் 130 பேருக்கும் அதிகம். சிட்னியில் மாண்டவர் நால்வர். காயமுற்ற கைதிகளுடன் சிட்னி கொழும்பை அடைந்தபோது, ஆரவாரம் செய்யவேண்டாம் எனக் கப்டன் குளோசொப் முன்னரே கேட்டிருந்தார். வென்றவர்கள் மௌனமாகத் துறைமுகத்துள் நுழைந்தார்கள்.

முல்லர் மோல்டாவிலும் பின்னர் இங்கிலாந்திலும் சிறையிருந்தார். 1917 இல் சுரங்கம் தோண்டித் தப்பியும் பிடிபட்டார். 1918 இல் பிரஷ்யாவின் அதியுயர் இராணுவ விருதான பூர் லெ மெரித் அவருக்குக் கிடைத்தது. யுத்தத்தின் பின் ஓய்வுபெற்று, பிரன்ஸ்விக் மாநில நாடாளுமன்றத்துக்குத் தெரிவான அவர், 1923 இல் ஐம்பது வயது நிறையுமுன் காலமானார். சுயசரிதை எழுதுமாறு பலர் வேண்டியும் அவர் எழுதவில்லை. தோழர்களின் இரத்தத்தை விற்றுப் பணமாக்குவதாகவே அது அவருக்குத் தோன்றியது.

சென்னையில் மாண்ட ஐவரின் கணக்கு முல்லரின் பண்பினால் தீர்ந்துவிடாது. எனினும் எதிரியின் உயிரும் உயிரே என்று கருதிய தளபதியையும், தோற்றவன்முன் கைதட்ட மறுத்த தளபதியையும் ஒரே போரில் காண்கிறோம். யுத்தம் முடிந்த நாடுகள் வெற்றிவிழாக்களைத் திட்டமிடும்போது, கொழும்புத் துறைமுகத்தின் அந்த மௌனத்தைச் சற்றே எண்ணிப்பார்க்கலாம்.