வாயிலை நேராக்கிய உளி

சுவரில் விடப்பட்ட திறப்பு வேறு, வாயில் வேறு. கல்லடுக்கிச் சுவரெழுப்புங்கால் இடையே ஒரு வெளியை விட்டுச் செல்லுதல் எளிது. அவ்வெளியின் பக்கங்கள் கரடுமுரடாகவே நிற்கும். அவற்றைச் செதுக்கிக் கோடு பிசகாது நேராக்கிய பின்னரே அது வாயிலெனும் பெயர்க்கு உரியதாகும். இத்தொழிலின் வரலாற்றை அறிய விழைவார்க்கு ஏதென்சு நகரத்து அக்குரோபொலிசுக் குன்றிலுள்ள கட்டடங்கள் நல்ல சான்றாவன.

கிரேக்கக் கற்றச்சர் சுவர்க்கல்லின் முகத்தை முன்னரே வழவழப்பாக்கி ஏற்றினாரல்லர். குன்றின்மேல் இழுத்தேற்றும்போது விளிம்புகள் உடைதல் கூடும். தனித்தனியே மட்டமாக்கிய கற்கள் அடுக்கியபின் ஒரே தளத்தில் அமைதலும் அரிது. ஆதலின் மேற்றோல் போன்றதொரு படையை மிகையாக விட்டு ஏற்றினர். கல்லொடு கல் பொருந்தும் பக்கம் மட்டுமே முன்னர்த் திருத்தப்பட்டது. அங்கும் ஓரத்தில் ஒரு பட்டியை மட்டமாக்கி, நடுவைச் சிறிது குழித்துக் கரடாகவே விட்டனர். மூன்று பக்கமுஞ் சுற்றிவரும் அப்பட்டி கதவுநிலையை ஒத்தலின், கதவைக் குறிக்கும் 'துரா' என்னுஞ் சொல்லடியாக 'அனாதுரோசிசு' எனும் பெயர் அதற்கு வழங்கலாயிற்று.

மட்டஞ் சோதிக்கும் முறையை லெபதேயா என்னும் ஊரிற் சீயசுக் கடவுளின் கோயிற்பணி பற்றிய கல்வெட்டொன்று காட்டுகின்றது. நேர்கோலிற் செங்காவி பூசிக் கல்லின்மேல் வைத்தெடுப்பர். மேடான இடத்தில் மட்டும் காவி ஒட்டும், அதனையே செதுக்குவர். காவி எங்கணும் ஒருபடித்தாய்ப் பதியும்வரை இவ்வேலை நீளும்.

நேராதல் என்பது செங்குத்தாதல் அன்று என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. கிரேக்க வாயில்கள் பல மேலே செல்லச்செல்லச் சிறிது ஒடுங்குவன. பதினாறடிக்கு உட்பட்ட வாயிலின் மேற்பக்கம் நிலைக்கால் அகலத்தின் மூன்றிலொரு பங்கு ஒடுங்கவேண்டுமென்றும், முப்பதடிக்கு மேற்பட்டதாயின் செங்குத்தாகவே நிற்கவேண்டுமென்றும் உரோமச் சிற்பநூலார் விற்றுருவியர் விதித்தார். ஆகவே தூக்குக்குண்டை நம்பி மட்டும் நிலைக்காலைச் செதுக்குதல் இயலாது.

கி. மு. 437இல் நெசிக்கிளீசு என்பவர் தொடங்கிய புறொப்பிலேயா என்னும் மாவாயிலில் ஐந்து வாயில்கள் உள்ளன. கி. மு. 432இல் வேலை நின்றது. அடுத்த ஆண்டு பெலொப்பொனீசியப் போர் மூண்டது. கற்களைத் தூக்குதற்கு விடப்பட்ட குமிழ்களும் செதுக்கப்படாத மேற்படையும் சுவர்களில் இன்றுங் காணப்படுகின்றன. முடிந்த கட்டடம் மறைத்துவிடும் வேலைமுறையை முடியாத இக்கட்டடமே நமக்குக் காட்டுகின்றது.

அண்மையிலுள்ள எரெக்தெயோன் கோயிலின் கதை இன்னுந் தெளிவானது. போர்க்காலத்தில் தடைப்பட்ட அவ்வேலையைக் கி. மு. 409இல் ஒரு குழுவினர் மேற்பார்த்து, எஞ்சியவற்றைக் கல்லிற் பொறித்தனர். வழவழப்பாக்கப்படாத கற்கள், வரிக்குழிவு வெட்டப்படாத தூண்கள் ஆகியவற்றோடு, கிழக்கு வாயிலின் மேலுத்தரத்திற்குரிய ஏந்துகல்லொன்று பாதிவேலையோடு கிடந்ததும் அதிற் குறிக்கப்பட்டுள்ளது. கணக்கெழுதுவோர் இத்துணை நுணுக்கமாயிருந்தமை வியப்பேயாம்.

அடுத்த ஆண்டின் கூலிக்கணக்கும் கிடைத்துள்ளது. அக்கோயிலின் வடவாயிலைக் கண்டு அதன் நிலையிலுள்ள மலர்வரிசையைப் போற்றுவார் பலர். அக்கணக்கை நோக்குவார் சிலரே. குடிமக்களும், குடியேறிய அயலாரும், அடிமைகளும் ஒரே தூணின் பக்கத்தில் நின்று உளிபிடித்தனர். நாட்கூலி பெரும்பாலும் ஒரு திரக்மா, மூவர்க்கும் அஃதொன்றே. அடிமையின் பெயரை அடுத்து அவன் தலைவனின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. அத்திரக்மாவில் எவ்வளவு அடிமையின் கையில் எஞ்சியதென்பதை அக்கல் கூறவில்லை.